அறுவை மேசையில் நான் கேட்டது

என் பித்தப்பையை அகற்றிய நாளில், மயக்கத்தின் நடுவே நான் சிறிது நேரம் விழித்திருந்தேன். இந்த ஒரு வாக்கியத்தை என் வீட்டார் நம்ப வேண்டும் என்பதைத் தவிர, அதன் பின் நான் அவர்களிடம் வேறெதையும் வேண்டியதில்லை. அவர்கள் நம்பவில்லை. இதை எழுதும் இன்றுவரை நம்பவில்லை.

நான் கல்லூரி வாசலை மிதித்தவன் அல்லன். சிகந்தராபாத் பக்கம் சனத்நகரில் ஓர் ஆலையில் டர்னராகச் சேர்ந்து, இரும்பு கடையும் லேத்தின் முன்னே நின்று நின்று முதியவனானேன். தமிழை எனக்கு எவரும் முறையாகக் கற்பிக்கவில்லை. இங்கே பள்ளியில் பயின்றது தெலுங்கும் கொஞ்சம் ஆங்கிலமும். தமிழை இரவல் வாங்கிய புத்தகங்களிலிருந்து நானாகவே கற்றேன். ஆலையில் தெலுங்கும் தக்கணி உருதுவும், வீட்டில் எங்கள் வடஆற்காட்டுப் பேச்சும் எனக்கு ஒன்றுபோலப் பழக்கம். இதைப் பெருமைக்காகக் கூறவில்லை. அறுவை அரங்கில் அன்று பேசப்பட்ட தெலுங்கில் ஒரு சொல்கூட எனக்குப் புரியாமல் போகவில்லை என்பதைப் படிப்பவர் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே கூறுகிறேன்.

ஓய்வு பெற்றபின் போலாரத்து வீட்டை விட்டு, நானும் என் மனைவியும் தார்நாகாவில் மகனுடைய குவார்ட்டர்ஸுக்கு வந்து சேர்ந்தோம். மகன் அங்குள்ள ஆய்வு நிலையம் ஒன்றில் நிர்வாகப் பிரிவில் அலுவலர். விஞ்ஞானிகளுக்கு நடுவே கோப்புகளைப் பார்ப்பவன். அவர்களிடமிருந்து அவன் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று: எதைச் சொன்னாலும் ஆதாரம் எங்கே என்று கேட்பது. தன் சொல்லுக்கு மட்டும் அது தேவையில்லை என்று இருந்துவிட்டான். கெட்டவன் அல்லன். என் மருந்து தீர்ந்துபோகும் முன்பே வாங்கி வைப்பவன். ஸ்கூட்டரில் நான் ஏறும்போது காலைத் தூக்கிவைக்கத் தோள் கொடுப்பவன். அந்தத் தோளும் இந்த மனமும் ஒரே ஆளிடம் இருப்பதுதான் எனக்கு இன்னும் ஆறாத வியப்பு.

நம் மருத்துவமனைகளில் ஒரு வழக்கம் உண்டு. மருத்துவர் நோயாளியின் வயிற்றை அழுத்திப் பார்ப்பார், நாக்கை நீட்டச் சொல்வார், கண் இமையை விலக்கிப் பார்ப்பார். பேசுவது மட்டும் பக்கத்தில் நிற்பவரிடம். அட்டெண்டர் என்று அவருக்குப் பெயர். முதியவன் படுத்திருந்தால் அவன் மகனே அட்டெண்டர். வலி எங்கே, எப்போது தொடங்கிற்று, இதற்குமுன் என்ன நோய் என்று எல்லாவற்றுக்கும் மகனே விடை சொல்வான். மகனுக்குத் தெரியாததை நோயாளியிடம் கேட்பதும் இல்லை, தெரியாததாகவே விட்டுவிடுவர்.

என் பித்தப்பையில் கல் இருப்பதாகக் கண்டு, சிகந்தராபாத்தில் ஒரு மருத்துவமனையில் அறுவைக்குச் சேர்த்தபோதும் அவ்வாறே நடந்தது. மயக்க மருந்து மருத்துவர் முன்தினம் மாலை வந்தார். இளைஞர், அவசரக்காரர். என் மகனிடம் ஆங்கிலத்தில் பேசினார். நான் நடுவே புகுந்து தெலுங்கில் கேட்டேன்: மருந்து கொடுத்தால் நினைவு முற்றிலும் போய்விடுமா, திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகும், என் வயதுக்கு அதனால் தீங்கு ஏதும் உண்டா? அவர் வாய் திறக்கும் முன், வேண்டாம் என்பதைத் தக்கணியில் சொல்லி மகன் குறுக்கிட்டான்.

"நைனா, நக்கோ. டாக்டருக்கு இன்னும் பத்து பேஷண்ட் கீறாங்க. சும்மா ஒரு ஊசி. தூங்கி எழுந்துப்ப, அவ்ளோதான்."

மருத்துவர் புன்னகைத்து அவனை வெளியே அழைத்துச் சென்றார். திரும்பி வந்தவனிடம், "இன்னா சொன்னாரு?" என்றேன்.

"ஒண்ணும் இல்ல. ரிஸ்க்கு அது இதுன்னு எல்லாருக்கும் சொல்றதுதான். கையெழுத்து போட்டுட்டேன். நீ படு."

என் உடலுக்கு நேரக்கூடியவற்றைக் கதவுக்கு வெளியே இருவர் பேசி முடித்துவிட்டனர். அவை என்னவென்று அன்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அஞ்சியிருப்பேன், ஆயினும் பின்னர் வந்ததை அது இன்னதென்று அடையாளம் கண்டிருப்பேன். அந்த அச்சத்தையேனும் என்னிடம் கொடுத்திருக்கலாம்.

மறுநாள் காலை அரங்கினுள் கொண்டுசென்றனர். கையில் ஏறிய மருந்து தோள்வரை குளிர்ந்தது. அதன்பின் ஏதுமில்லை. அந்த ஏதுமின்மையைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் கிடையாது.

பின்பு ஒலி வந்தது. முதலில் ஓர் எந்திரத்தின் சீரான ஒலி. பிறகு மனிதக் குரல்கள். எல்லாம் முடிந்துவிட்டது, வார்டுக்கு வந்துவிட்டேன் என்று எண்ணிக் கண்ணைத் திறக்க முயன்றேன். இமைகள் எதனாலோ ஒட்டப்பட்டிருந்தன. கையை அசைக்க முயன்றேன். கை இருக்கிறது என்பது தெரிந்தது, அது என் ஏவலுக்குக் கட்டுப்படவில்லை. ஒரு விரலையாவது என்று முயன்றேன். நாக்கை அசைக்க முயன்றேன். தொண்டையினுள் தடித்த குழாய் ஒன்று நின்றது. மூச்சு என்னுடையதாக இல்லை. நான் இழுக்க நினைத்த கணத்தில் அது வரவில்லை; நினையாத கணத்தில் எவரோ உள்ளே தள்ளினர், வெளியே விட்டனர். இவ்வாறு நான் உயிரோடிருந்தேன்.

வலி இருந்ததா என்று கேட்பவர்க்கு உள்ளதை உள்ளபடியே கூறுவேன். கத்தி அறுக்கும் வலி இல்லை. வயிறு காற்றடித்த டியூபைப் போல் இறுகியிருந்தது. உள்ளே எதையோ பற்றி இழுப்பதும் விடுவதும் நன்றாகத் தெரிந்தது. வலியைக் காட்டிலும் கொடியதாக இருந்தது வேறு. நான் இங்கே இருக்கிறேன் என்பதை அறையிலுள்ள ஒருவருக்கும் தெரிவிக்க எனக்கு வழியில்லாமல் போனதே அது.

அவர்கள் பேசிக்கொண்டிருந்தனர். ஒருவர் தம் அபார்ட்மெண்டில் லிஃப்ட் பழுதாகி, கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவன் மாடி ஏற மறுப்பதைப் பற்றிக் குறைபட்டார். ஒரு நர்ஸ், வாட்ச்மேனுக்கு ஏதாவது கொடுத்தால் அவனே தூக்கிவருவான் என்றாள். அறுவை மருத்துவர் வயிற்றினுள் விட்ட கேமராவைத் துடைக்கச் சொன்னார். அப்போது என் தலைமாட்டிலிருந்து, முன்தினம் வந்த இளைஞரின் குரல் கேட்டது.

"பீபி தக்குவகா உந்தி சார். கொஞ்சம் தக்கிஸ்தானு."

இரத்த அழுத்தம் குறைவாக இருக்கிறது, கொஞ்சம் குறைக்கிறேன் என்பது பொருள். எதைக் குறைக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. ஆயினும் அச்சொற்களை அப்படியே நினைவில் இருத்தினேன். வேறு செய்வதற்கு ஏதும் இல்லாதவன் சொற்களைத்தான் பற்றிக்கொள்வான்.

பிறகு நர்ஸ், இந்தத் தாத்தா வார்டில் ஓயாமல் கேள்வி கேட்கிறார் என்று சொல்லிச் சிரித்தாள். அறுவை மருத்துவர் கூறிய விடை இது:

"வாள்ளப்பாயி முந்தே செப்பாடு கதா. பெத்தாயன ஏதோ ஒகடி செப்தூனே உண்டாடு, பட்டிஞ்சுகோவத்தன்னாடு."

அவர் மகன்தான் முன்னமே சொல்லிவிட்டானே, பெரியவர் எதையாவது சொல்லிக்கொண்டேதான் இருப்பார், பொருட்படுத்த வேண்டாம் என்று. எல்லோரும் சிரித்தனர். அச்சிரிப்பில் கொடுமை இருந்ததென்று கூறமாட்டேன். வேலை நடுவே மனிதர் சிரிக்கும் சிரிப்புதான். லேத்தின் முன் நாங்களும் சிரித்திருக்கிறோம். ஆனால் லேத்தில் நாங்கள் பூட்டியது இரும்பு.

எவ்வளவு நேரம் அவ்வாறு கிடந்தேன் என்று அறியேன். மீண்டும் கை குளிர்ந்தது போலிருந்தது. குரல்கள் தொலைவில் போயின. அடுத்து நான் கண்டது வார்டின் மின்விசிறி.

குழாய் உரசிய தொண்டை புண்ணாக எரிந்தது. பேச முடிந்ததும் முதற்காரியமாக மகனிடம் சொன்னேன்.

"நடுவுல முழிச்சிக்கினேன்டா. அவங்க பேசினது அத்தனையும் கேட்டுது."

"மயக்கத்துல அப்படித்தான் இருக்கும் நைனா. கனவு வரும்."

"கனவு இல்ல. குழா தொண்டையில கீது, கை அசையல. ஒருத்தரு லிஃப்ட்டு கெட்டுப்போன கதை சொன்னாரு."

"சரி, சரி. பேசாத. தையல் பிரிஞ்சிடப் போவுது."

மாலையில் அறுவை மருத்துவர் சுற்று வந்தார். அவரிடம் தெலுங்கில் நானே சொன்னேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு என் மகனைப் பார்த்தார். "கல வச்சிந்தி பெத்தாயனா" என்றார். கனவு வந்தது பெரியவரே என்பதுதான். மயக்க மருந்து மருத்துவரைக் காண வேண்டும் என்று கேட்டேன். அவர் வேறு மருத்துவமனைக்குப் போய்விட்டார், வந்தால் அனுப்புகிறேன் என்றார். அவர் வரவில்லை. நான் வீடு திரும்பும் நாள்வரை வாயிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மருத்துவர் போனபின் மகன் அருகில் அமர்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தான். நான் இறுதியாக அதையும் சொன்னேன்.

"நீ டாக்டர் கைல இன்னா சொன்னேன்னும் கேட்டுது. பெரியவரு எதுனா சொல்லிக்கினே இருப்பாரு, கண்டுக்காதீங்கன்னு சொன்னியே."

அவன் விரல் சாத்துக்குடியின் தோலில் நின்றது. அந்த நிற்பை நான் நன்றாகக் கண்டேன். அவன் முகம் சிவந்தது. பிறகு அவன் தோலை மீண்டும் உரிக்கத் தொடங்கினான்.

"அதுவும் கனவுதான் நைனா," என்றான்.

அந்த நிமிடத்தில் இவ்விவகாரம் முடிவாகிவிட்டது என்பதைப் பின்னரே உணர்ந்தேன். லிஃப்ட் கதையோடு நான் நிறுத்தியிருந்தால், ஒருவேளை அவன் என்றாவது நம்பியிருப்பான். நான் விழித்திருந்தேன் என்று ஒப்புக்கொண்டால், தான் சொன்னதையும் அவன் ஒப்புக்கொண்டாக வேண்டும். இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி அவன் முன்னே வைத்தவன் நானே. அவன் மூட்டையோடு தள்ளிவிட்டான்.

வீடு திரும்பியபின் வயிற்றில் அறுவைப் புண் விரைவில் ஆறிற்று. மற்றொன்று ஆறவில்லை. மல்லாந்து படுத்தால் மூச்சு வேறெவரிடமோ போய்விடும் என்ற திகில் எழும். ஆகவே சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தே உறங்கினேன். போர்வை கழுத்துக்கு மேலே வரக்கூடாது. ஒருமுறை முடிவெட்டும் கடையில், கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டி, தலையை அசைக்காதீர்கள் என்று அவன் சொன்ன மாத்திரத்தில் துணியைப் பிய்த்து எறிந்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். ஒரு பக்கம் வெட்டியும் ஒரு பக்கம் வெட்டாமலும் தார்நாகா வீதியில் நடந்துவந்த என்னை, குவார்ட்டர்ஸ் வாசலில் இருந்தவர்கள் பார்த்தனர். அன்று மாலையே மகன் என்னிடம் மனநல மருத்துவரைப் பற்றி மென்மையாகப் பேச்செடுத்தான். மருமகள் எப்பக்கமும் சேராமல் வேலைக்குப் போய்வந்தாள். அவளைக் குறை சொல்ல எனக்கு ஏதுமில்லை.

என் மனைவியிடம் தனியே கேட்டேன், நீயாவது நம்புகிறாயா என்று. அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிராமல் சொன்னாள்:

"தோ பாருங்க. நெசமாவே இருக்கட்டும். அதுக்கு இப்ப இன்னா பண்ணணும்ன்றீங்க? ஒரே புள்ள. அவன் பொய் சொல்றான்னு என் வாயால சொல்லணுமா?"

"நான் பொய் சொல்றேன்னு மட்டும் சொல்லலாமா?"

"உங்களை யாரு பொய்யின்னா? கனான்னுதானே சொல்றாங்க. கனா கண்டா குத்தமா?"

அவள் கூறியதில் ஒரு நியாயம் இருந்தது. அது என் பக்கம் இல்லாத நியாயம்.

உறவினரிடையே இது ஒரு வேடிக்கையாகப் பரவிற்று. என் மனைவியின் தம்பி போலாரத்தில் இருக்கிறான், வாய்த்துடுக்கு மிக்கவன். ஒரு திருமணப் பந்தியில் எல்லோரும் கேட்கும்படி, "எங்க மாமா பக்கத்துல உஷாரா பேசுங்கப்பா. மயக்கம் போட்டாக்கூட காதுல ரெகார்டு ஆயினே இருக்கும்!" என்றான். இலை முன்னே அமர்ந்திருந்தவர் அனைவரும் சிரித்தனர். மகனும் சிரித்தான். பரிமாறியவன்கூட ரசவாளியோடு நின்று சிரித்துவிட்டுப் போனான். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

அதன்பின் ஓராண்டு கழிந்திருக்கும். என் கழுத்தில் ஒரு கட்டி எழும்பியது. தைராய்டு என்றனர். அது வளர்ந்து விழுங்கத் தடையாயிற்று. மல்லாந்தால் மூச்சும் தடைப்பட்டது. அகற்றியே தீரவேண்டும், முழு மயக்கம் கொடுத்துத்தான் செய்ய முடியும் என்று மருத்துவர் கூறினார். இம்முறை வேறு மருத்துவமனை. அறுவைக்கு நான் மறுக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை விதித்தேன்: மயக்க மருந்து கொடுப்பவரிடம் முன்னர் நடந்ததைக் கூறிவிட வேண்டும்.

மகன் பொறுமையாகவே தொடங்கினான். "நைனா, அங்க போயி இந்தக் கதைய ஆரம்பிக்காத. ஏற்கனவே வயசு, பீபி. இதையும் சொன்னா, மெண்டல் ப்ராப்ளம்னு எழுதிட்டு, கேஸே எடுக்க மாட்டாங்க. அப்புறம் எந்த ஆஸ்பத்திரிக்குப் போறது?"

"திரும்பவும் முழிச்சிக்கினா?"

"முழிக்க மாட்ட."

"எப்படித் தெரியும்?"

"போன வாட்டியே முழிக்கலன்றேன்!" என்று குரலை உயர்த்தினான். உடனே தணித்துக்கொண்டு, "கைக்கு, எதுக்கு இப்படிப் பண்றே நைனா? உனக்காகத்தானே அலையிறேன்" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. எனக்காகத்தான் அலைகிறான் என்பதில் ஐயமில்லை. நான் மேலே பேசவில்லை. அவன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான்.

அறுவைக்குச் சில நாள் முன்பு மயக்க மருந்து மருத்துவரிடம் பரிசோதனைக்கு அனுப்பினர். நடுவயதுப் பெண்மணி, வாசலில் வெளிச்செருப்பைக் கழற்றிவிட்டு, மருத்துவமனை ரப்பர் செருப்பு மாட்டியிருந்தார். வழக்கம்போல மகனைப் பார்த்தே கேள்விகள் கேட்டார். சர்க்கரை உண்டா, இதய நோய் உண்டா, ஆடும் பல் உண்டா? மகன் விடை சொன்னான். அடுத்து, முந்தைய மயக்கத்தில் ஏதும் பிரச்சினை இருந்ததா என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவ்வளவு ஆங்கிலம் எனக்குப் புரியும்.

"நத்திங் டாக்டர். எவ்ரிதிங் ஸ்மூத்," என்றான் மகன்.

நான் மேசையில் கையை வைத்தேன். "அது அபத்தம் அம்மா," என்று தெலுங்கில் சொன்னேன். அபத்தம் என்றால் தெலுங்கில் பொய். "நடுவில் எனக்கு விழிப்பு வந்தது. யாரும் நம்பவில்லை. நீங்களும் நம்ப வேண்டாம், கேட்டுக்கொள்ளுங்கள், போதும்."

மகன் என் தோளைப் பற்றினான். அம்மருத்துவர் எங்கள் இருவரையும் பார்த்தார். நாங்கள் முன்பு தமிழில் பேசிக்கொண்டதைக் கவனித்திருக்க வேண்டும், தமிழிலேயே பேசினார். சித்தூர்ப் பக்கத்தவர் என்று பின்னர் அறிந்தேன்.

"சார், நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்க."

"டாக்டர், அவருக்கு வந்து..."

"அவருக்குத்தானே மயக்கம் குடுக்கப் போறேன்? உங்களுக்கு இல்லையே. வெளிய உக்காருங்க."

கதவு சாத்தியபின் அவர் பேனாவைக் கையில் வைத்தவாறே கேட்டார். "சொல்லுங்க ஐயா. முழிச்சப்போ இன்னா கேட்டுச்சு?"

எந்திர ஒலி, குழாய், ஒட்டிய இமை, எனதல்லாத மூச்சு என்று வரிசையாகச் சொன்னேன். தலையசைத்துக்கொண்டே எழுதினார். பிறகு "பீபி தக்குவகா உந்தி, கொஞ்சம் தக்கிஸ்தானு" என்ற சொற்களைச் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்தினார்.

"இத யாரு சொன்னது?"

"தலைமாட்டுல நின்னவரு."

அவர் என் மருந்துச் சீட்டை எடுத்துப் பிரித்தார். பிறகு, என் பீபி மாத்திரையின் பெயரைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "மயக்கத்துல வயசானவங்களுக்குப் பீபி இறங்கும். இறங்கினா நாங்க தூக்க மருந்தைக் கொஞ்சம் குறைப்போம். ஆனா உடம்பை அசையாம வெக்கிற மருந்து தனி; அது வேலை செஞ்சுகிட்டே இருக்கும். சில சமயம், ரொம்ப அபூர்வமா, ஆளு முழிச்சிடுவாங்க. அசைய முடியாது. பயந்தா நாடி எகிறணும், அதப் பாத்து நாங்க கண்டுபிடிக்கலாம். உங்க மாத்திரை நாடிய எகிற விடாது. அதனால யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"அப்ப அது கனவு இல்லையா?"

"நீங்க சொன்ன மாதிரி கனவு எனக்குத் தெரிஞ்சு யாருக்கும் வந்ததில்ல ஐயா."

நான் அழுதேன் என்று எழுத எனக்குத் தயக்கமில்லை. ஓர் அயலாள், என்னை முதன்முறை காண்பவர், சிறிது நேரத்தில் நம்பிவிட்டதை, என் இரத்தம் நம்பவில்லையே என்று அழுதேன். அவர் தண்ணீர் கொடுத்தார். தொடர்ந்து, அன்றுவரை எவரும் என்னிடம் கூறாத அனைத்தையும் என்னிடமே கூறினார். ஒருமுறை விழித்தவர்க்கு மறுமுறையும் விழிப்பு வரும் வாய்ப்புச் சற்றே அதிகம். என் வயதில் மயக்கம் தெளிந்த பின்னர் சில நாள் மனக்குழப்பம் வரலாம். இடமும் ஆளும் மாறித் தெரியலாம். வாந்தி வரலாம், பல் உடையலாம், தொண்டை புண்ணாகலாம். கழுத்து அறுவை என்பதால் குரல் சில காலம் கம்மலாம். இதயம் தளரலாம். மிக அரிதாக, எழாமலே போகலாம். ஒவ்வொன்றையும் என் கண்ணைப் பார்த்துச் சொன்னார். அவ்வளவு தீங்குகளையும் கேட்டு முடித்தபோது எனக்கு அச்சம் குறைந்திருந்தது.

"நெத்தியில ஒரு பட்டை ஒட்டுவேன். நீங்க எவ்ளோ ஆழத்துல தூங்குறீங்கன்னு அது காட்டும். பீபி இறங்கினா அதுக்கு வேற மருந்து குடுப்பேன். உங்கள முழிக்க விட மாட்டேன்னு சத்தியம் பண்ண முடியாது. பாத்துக்கிட்டே இருப்பேன்னு மட்டும் சொல்லலாம்."

"அது போதும் அம்மா."

வெளியே மகன் சுவரோரம் நின்றான். "இன்னா கேட்டாங்க?" என்றான். "ஒண்ணும் இல்ல. ஃபார்மாலிட்டி" என்றேன்.

அறுவை நடந்தது. நெற்றியில் பட்டை ஒட்டியபோது அம்மருத்துவரின் கை என் தலையில் இருந்தது. கை குளிர்ந்தது. பிறகு ஏதுமில்லை. ஒலி இல்லை, குரல் இல்லை, இழுப்பு இல்லை. கண் திறந்தபோது வேறோர் அறையில் இருந்தேன். கழுத்தில் கட்டு இருந்தது. இடையில் ஒரு கணமும் எனக்கு உரியதாக இல்லை. இத்தகைய உறக்கம் கிடைக்கக்கூடியதுதான், அன்று எனக்கு அது கிடைக்காமல் போயிற்று என்பதை அப்போது ஐயமின்றி அறிந்தேன்.

மாலையில் அவர் வந்தார். மகனும் என் மனைவியும் கட்டிலருகே நின்றனர்.

"ஐயா, ஏதாவது கேட்டுச்சா?"

"ஒண்ணும் கேக்கல அம்மா," என்றேன். குரல் காற்றாக வந்தது.

அவர் மகனிடம் திரும்பினார். "இது நெசமா நடக்கிற விஷயம் சார். இனிமே எங்க ஆபரேஷன்னாலும், போன தடவ முழிப்பு வந்ததை முதல்ல சொல்லணும். நீங்களே சொல்லணும்."

"ஷ்யூர் டாக்டர். டெஃபனிட்லி," என்றான் மகன்.

அவர் போனதும் தன் தாயிடம் மெதுவாகச் சொன்னான்: "வயசானவங்க மனசு நோவக் கூடாதுன்னு சொல்றாங்கம்மா. நல்ல டாக்டர்." என் மனைவி தலையசைத்தாள். அவள் முகத்தில் நெடுநாளாகக் காணாத ஒரு நிம்மதி தெரிந்தது. இனி எவரையும் பொய்யர் என்று கூற வேண்டிய நிலை அவளுக்கு இல்லை.

பிறகு அவன் தொலைபேசியில், ஆமாம் என்பதற்குத் தக்கணியின் ஹவ் போட்டு, உறவினர் ஒவ்வொருவரிடமும் பேசுவதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். "நல்லபடியா முடிஞ்சுது. ஹவ், ஹவ், முழிச்சிட்டாரு. இந்த வாட்டி ஒண்ணுமே கேக்கலையாம், அவரே சொன்னாரு. அப்பவும் அப்படித்தான் இருந்திருக்கும், மனப்பிரமை." என் வாயிலிருந்து வந்த உண்மையே எனக்கு எதிரான சாட்சியமாகிவிட்டது. அந்தப் பெண்மணி தம் கடமையை ஒழுங்காகச் செய்ததால், முன்னவர் செய்யத் தவறியது நடக்காத ஒன்றாக ஆகிவிட்டது. இம்முறையும் விழித்து வாதைப்பட்டிருந்தால் ஒருவேளை நம்பியிருப்பார்களோ என்று ஓர் எண்ணம் வந்தது. அவ்வாறு எண்ணும்படி ஒரு மனிதனைச் செய்துவிட்டார்களே என்ற கசப்பு இன்றும் என் நாவில் இருக்கிறது.

வீட்டுக்கு வந்தபின் மைத்துனன் போலாரத்திலிருந்து பஸ் ஏறி வந்தான். ஆப்பிள் பையை மேசையில் வைத்துவிட்டு, என் எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு அமர்ந்தான்.

"அப்ப இன்னா மாமா, ஒத்துக்கறீங்களா? இந்த வாட்டி டாக்டருங்க வாயே தொறக்கலையா, இல்ல உங்க ரெகார்டு ரிப்பேரா?"

என் மனைவிகூடச் சிரித்துவிட்டாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அம்மருத்துவர் என்னிடம் கூறியதை, மருந்து இரண்டு வகை என்பதை, நாடி ஏன் எகிறவில்லை என்பதை, முறையாக முதலிலிருந்து எடுத்துரைக்க எண்ணினேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, "அந்த வாட்டி..." என்று தொடங்கினேன்.

மகன் கையை உயர்த்தினான். "நைனா, நக்கோ. குரலுக்கு ரெஸ்ட்டு குடுக்கணும்னு டாக்டரு சொல்லிக்கீறாங்க இல்ல? நீ சும்மா இரு. நான் சொல்றேன்."

என் போர்வையை இடுப்புவரை சரிசெய்துவிட்டு, தன் மாமனுக்கு எதிரே அமர்ந்தான். எனக்கு நேர்ந்ததைத் தொடக்கத்திலிருந்து, பொறுமையாக, ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லலானான். அவன் சொன்னதில் நான் உறங்கிக்கொண்டிருந்தேன்.